மிட்சுயேவைப் பற்றி ஒருவர் கேட்டார்

மிட்சுயேவைப் பற்றி எழுத இந்தத் தெருவில் கடைசியாக உரிமை உள்ளவள் நான்தான். ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாருக்கும் முழுக்கதை தெரியாது.

முடிதிருத்துகிறவரின் ஒரே மகள். சென்ஜு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் பேச்சு காதில் விழும் வேலைதான், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. என்னைப் போல இல்லை. தெருமுனையில் புகையிலைக் கடை வைத்திருக்கும் இந்தத் தோகுவுக்கு வாய் சும்மா இருக்காது.

எங்கள் ஊரில் கல்யாணம் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுத் தெருவுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். வருகிறவர் முதலில் புகையிலைக் கடைக்குத்தான் வருவார். மூன்று வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த முடிவெட்டுறவரு வீட்டுப் பொண்ணு எப்படிங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அன்று காலைதான் மிட்சுயே என் கடையைத் தாண்டிப் போய், ஸ்டேஷன் கடையில் அவள் அப்பாவுக்குச் சிகரெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த எரிச்சல் அடங்கவில்லை.

"அது வந்து..." என்று இழுத்தேன். அதோடு நிறுத்திக்கொண்டு தீப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இழுவைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நன்றாகத் தலை குனிந்து வணங்கிவிட்டு, வேறு யாரையும் கேட்காமல் நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். சம்பந்தம் நின்றுபோனது. மிட்சுயேவின் அம்மா வந்து கேட்டபோது, நாலு நல்ல வார்த்தைதான் சொல்லி அனுப்பினேன் என்றேன்.

இந்த ஏப்ரல் பத்தாம் தேதி இளவரசருக்குக் கல்யாணம். தெருவில் டிவி இருப்பது என் வீட்டில் மட்டும். பதினேழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மிட்சுயேவின் அம்மா கிகுனோ நல்ல நாளுக்கென்று சிவப்புப் பயறு போட்ட சோறு ஆக்கிக்கொண்டு வந்திருந்தாள். மிட்சுயே விடுப்புப் போட்டுவிட்டு வந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். இருபத்தெட்டு வயதாகிவிட்டது அவளுக்கு.

அடுக்கடுக்கான அரச உடையில் மணமகள் அடி மேல் அடி வைத்து நடந்தபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிற்பகலில் வெள்ளை உடையும் கிரீடமுமாகக் குதிரை வண்டியில் ஏறினாள். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஆகா" என்றார்கள். நானும்தான்.

"மாவு மில்காரர் பொண்ணுக்கு வந்த யோகத்தப் பாரு!" என்றார் மீன்கடைக்காரர். "ஆமா, அரமணைக்காரங்க யாருகிட்டப் போய் விசாரிச்சிருப்பாங்க? அந்தத் தெருப் புகையிலைக் கடையிலயா?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கிகுனோ மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன், நம்ம தோகுக்கா மாதிரி நல்ல மனசுக்காரங்க அங்கயும் ஒருத்தங்க இருந்திருப்பாங்க" என்றாள்.

மிட்சுயே கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்படியில் அவள் முன்னால் நின்று தலை குனிந்தேன்.

"அன்னிக்கு அந்தாளு வந்தப்ப, நான்..."

"தெரியும் அத்தை" என்றாள், வெந்நீரை ஊற்றிக்கொண்டே. "மாப்பிள்ளையா வரவேண்டியவரே லெட்டர் போட்டாரு. புகையிலைக் கடையில பதில் சொல்லத் தயங்குனாங்களாம், அதனால வீட்டுல ஒத்துக்கலியாம்."

"மூணு வருசமாத் தெரியுமா? ஏண்டி என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அம்மாவுக்குத் தெரிஞ்சுபோயிடும். அம்மாவுக்குப் பேச்சுத்துணைன்னு இந்தத் தெருவுல நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க. உங்க கடைக்கு வராம அவங்களால இருக்க முடியுமா?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஒரு சிகரெட் பாக்கெட்டுக்காக அவள் வாழ்க்கையைக் கெடுத்தேன். அவளோ எனக்காகக்கூட இல்லை, தன் அம்மாவுக்காக என் மானத்தை மூன்று வருடம் மூடி வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"தோகுக்கா, சீக்கிரம் வாங்க! பொண்ணு கையாட்டுறா!" என்று கிகுனோ கூப்பிட்டாள்.

"போங்க அத்தை. கூப்பிடுறாங்கல்ல" என்றாள் மிட்சுயே.

போய் உட்கார்ந்தேன். டிவியில் மணமகள் வெள்ளைக் கையுறைக் கையை அசைத்துக்கொண்டே போனாள். கிகுனோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, இனிமே எங்க மிட்சுயேவ விசாரிச்சு யாராவது வந்தா, அன்னிக்குச் சொன்ன மாதிரியே நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். கையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

இன்றுவரை மிட்சுயேவைப் பற்றிக் கேட்க வேறு யாரும் வரவில்லை.