பெரியப்பா நடித்த ஹாலிவுட் படம்

என் பெரியப்பா ஹாலிவுட் படத்தில் நடித்தவர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மனுரேவாவில் தமிழ் தெரிந்த எல்லாருக்கும் இதை அவரே சொல்லிவைத்திருந்தார். இளவயதில் அவர் திருகோணமலையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றபோது, நகைச்சுவைப் படம் ஒன்றை எடுக்க வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்களாம். கதை நடப்பது பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவில். தீவுவாசிகளாக நடிக்க ஆள் வேண்டியிருந்தது. பெரியப்பாவும் நண்பர்களும் இலைப்பாவாடை கட்டி, ஈட்டி பிடித்து, ஒரே நாளில் தீவுவாசிகள் ஆகிவிட்டார்கள். படத்தின் பெயரைக் கேட்டால் மட்டும் அவருக்கு மறதி வந்துவிடும்.

அதே நகரத்தில் எல்லர்ஸ்லிப் பகுதியில் வேலை பார்த்த அவருடைய மகள், எங்கள் அக்கா, விடவில்லை. எங்கெல்லாமோ தேடி டிவிடியை வாங்கி, எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொண்டுவந்தாள். பெரியப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பழைய படம், தெளிவாக இராது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

"சும்மா இருங்கோப்பா, என்ன வெக்கம்?" என்று அக்கா டிவிடியைப் போட்டாள். எனக்கு ஒன்பது வயது. ரிமோட் என் கையில் இருந்தது.

உங்கள் பாஷையில் எதையாவது பேசுங்கள், யாருக்கும் விளங்கப்போவதில்லை என்று இயக்குநர் சொல்லியிருந்தாராம். அவர்களும் அப்படியே செய்திருந்தார்கள். திரையில் பெரியப்பா ஒல்லியாக, கண்ணை உருட்டிக்கொண்டு கதாநாயகனின் நெஞ்சுக்கு ஈட்டியை நீட்டினார். "காலமையில இருந்து வெயிலில நிக்கிறம். சோறு எங்கயடா?" என்றார். 'எங்கள் தெய்வம் உங்களை வரவேற்கிறது' என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வீடு சிரிப்பில் அதிர்ந்தது. பெரியம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெரியப்பா மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கப்பல் புறப்படுகிறது. தீவுவாசிகள் கரையில் நின்று கையசைக்கிறார்கள். பின்னணி இசை காதைக் கிழித்தது. பெரியப்பா கமராவை நேராகப் பார்த்து ஏதோ கத்தினார்.

"சரி, முடிஞ்சுது. கேக் வெட்டுவம்!" என்று இங்கே சோபாவிலிருந்த பெரியப்பா துள்ளி எழுந்தார்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். டிவியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குத் திரையில் அவர் கத்தியது பாதி கேட்டிருந்தது. வீட்டில் யார் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லி ஏச்சு வாங்கும் பிள்ளை நான். ஹாலிவுட் படத்தில் ஒரு தமிழ் வசனம் எனக்கே விளங்குகிறது என்றால் விடுவேனா? மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிக் கேட்டு, நாற்காலியில் ஏறி நின்று ஒப்புவித்தேன்.

"நல்லூர்த் தேருக்கு வருவன். அந்த நீலச் சேலையோட நில்லும். வேற ஆருக்கும் ஓம் எண்டு சொல்லிப்போடாதையும்!"

படம் யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்கு வரும், கேட்கவேண்டியவர் கேட்பார் என்று அந்த இளைஞன் நம்பியிருக்க வேண்டும். பெரியம்மா வவுனியாக்காரி. நல்லூர்த் தேரைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தவர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்கு, ஏன் ஒருவரும் கைதட்டவில்லை என்றுதான் பார்த்தேன்.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை," என்றார் பெரியம்மா.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"சேலை என்ன நிறமாம்?"

"நீலம்."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ரீச்சரும் இப்படித்தான் நிறங்களைக் கேட்பார். பெரியம்மா தலையசைத்தார். "கெட்டிக்காரப் பிள்ளை," என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுக் கத்தியை எடுத்துக் கேக்கை அவரே வெட்டினார். முதல் துண்டு எனக்கு. பிறகு அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு. பிறந்தநாள்காரர் கையில் வெறும் தட்டோடு அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். பெரியம்மா மிச்சக் கேக்கை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்து இனிப்பை நிறுத்திவிட்டார்கள் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.