கடல் தாண்டிய ஸ்டூல்

ஆஸ்திரேலியாவுக்கு மரச்சாமான் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு: பட்டை கூடாது, மண் கூடாது, பூச்சி அரித்த துளை கூடாது. பழம், விதை இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். விதி இவ்வளவுதான். சர்வீஸ் முழுக்க அடுத்தவர் படிவத்தில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். என் படிவத்தில் தப்பு வருமா?

வந்தது.

எங்கள் தென்காசி வீட்டில் ஒரு பழைய தேக்கு ஸ்டூல். ஆசாரி கையால் இழைத்தது. உட்காரும் இடம் இரண்டு அடுக்குக் கயிற்றுப் பின்னல். அதே மாதிரி ஒன்றை மெல்பர்ன் கடையில் பார்த்து, விலையைக் கேட்டு அரண்டுபோன மகள், "யப்பா, நம்ம ஸ்டூல அனுப்புதீயளா?" என்றாள். மருந்தடித்துச் சான்றிதழ் வாங்கினேன். 'பழம், விதை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பார்சல் போய் இறங்கிய மறுநாள் போனில் தகவல் — 'ஆய்வுக்காக நிறுத்தப்பட்டுள்ளது.'

"எல்லாம் சரியாத்தான இருக்கு... எதுக்கு நிறுத்துதான்?" என்றேன். மனைவியின் முகம் வெளிறியது.

"என்னங்க... அம்மன் கோயில்ல தந்த எலுமிச்சம்பழம் ஒண்ணு... கடல் தாண்டிப் போகுதுல்லா, தொணைக்கு வச்சேன்."

"எங்கன வச்ச?"

"மேப்பின்னலுக்கும் கீப்பின்னலுக்கும் நடுவுல."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீயளாக்கும்!"

ஸ்டூலைக் கொளுத்தினாலும் கொளுத்தட்டும். ஆனால் பார்சல் மகள் பெயரில். அங்கேயே நிரந்தரமாகத் தங்க அவள் போட்ட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில். 'பொய்த் தகவல்' என்று எவனாவது ஒரு வரி எழுதிவிட்டால்...?

வெளியே சாரல். வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்களை ஐந்தருவியில் குளிக்க அனுப்பிவிட்டு, நாலு பக்க விளக்கம் எழுதினேன். கோயில் எலுமிச்சை பழ வகையில் சேராது, அது வழிபாட்டுப் பொருள் — இந்த ரீதியில். மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"யப்பா, அத அனுப்பிராதீய! என்னைய உள்ள வச்சிருவானுவ. 'அம்மா வச்சிட்டா, எங்களுக்குத் தெரியாது'ன்னு நானே ரெண்டு வரி எழுதுதேன்."

உண்மையை அப்படியே எழுதுவதா? அப்படி ஒரு மனு என் மேஜைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 'குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று குறித்து மேலே தள்ளியிருப்பேன்.

மகள் அனுப்பிவிட்டாள். அதன்பின் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. "எம்புள்ள பொழப்ப நானே கெடுத்துட்டேனா?" என்று கேட்டபடி இருந்தாள். நான் அந்த நாட்டு விதிகளை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

பழத்தை அழித்துவிட்டோம், ஸ்டூலை எடுத்துப் போகலாம், உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மேல்நடவடிக்கை இல்லை — மகளுக்கு இப்படிப் பதில் வந்த நாள், ஆடிக் கடைசி வெள்ளி. "தொணைக்கு வச்ச பழந்தான் காப்பாத்திச்சு" என்றாள் மனைவி.