பட்டியலை மூடிய பிறகு

"கையோட கையா" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜபாளையம் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றில், வருடத்துக்கு ஒருமுறை கில்னை நிறுத்திப் பராமரிக்கும் பன்னிரண்டு நாட்களுக்கு வேலைப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. கில்ன் என்பது படுத்தவாக்கில் சுழலும் மாபெரும் இரும்புச் சூளை. அது நின்றதும் ஆளாளுக்கு வருவார்கள். "கையோட கையா இந்த பம்பையும் கழட்டிருவோம் மேடம்." எல்லாருக்கும் தலையாட்டினால் பன்னிரண்டு நாள் இருபதாகிவிடும். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன்: பட்டியலை மூடிய பிறகு புது வேலை நுழைய வேண்டுமானால், அதே அளவு வேலை ஒன்றைப் பட்டியலிலிருந்து அடித்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆலை பஸ்ஸில் வரும்போதே சிபாரிசு தொடங்கிவிடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன முறை பட்டியலில் என் சொந்தத் திட்டமும் இருந்தது. புதிய தூசி வடிகட்டி. இரண்டு வருடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியது. கில்ன் நின்றிருக்கும்போதுதான் அதைப் பழைய குழாயோடு இணைக்க முடியும். விட்டால் அடுத்த வருடம்தான்.

நான்காம் நாள் காலை மெக்கானிக்கல் ஃபோர்மேன் வந்தார். வத்திராயிருப்புக்காரர். அதிகம் பேசமாட்டார், எதையும் சேர்க்கச் சொல்லி இதுவரை வந்ததும் இல்லை.

"ஒரு வேலை சேக்கணும் மேடம்."

"பட்டியல் மூடியாச்சு அண்ணாச்சி. எதை அடிக்கப் போறீங்க?"

"செத்த உள்ள வந்து பாருங்க. பொறவு நீங்களே சொல்லுங்க."

குனிந்து கில்னுக்குள் நுழைந்தேன். இத்தனை வருடம் வெளியே நின்று பார்த்ததுதான். உள்ளே கையை உயர்த்தினாலும் மேல்பக்கம் எட்டவில்லை. இருட்டு அந்தக் கோடி வரை போய்க்கொண்டே இருந்தது. போன வாரம் கல் வெந்து குழைந்த இடத்தில் நிற்கிறேன் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது.

உள்செங்கல் பெயர்த்த இடத்தில் இரும்பு தெரிந்தது. என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அவர் விரல் நுனியால் தடவி, "இங்கன" என்றார். சிவப்பு மை பூசி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தார். வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து வந்தது. இதோ நின்றுவிடும் என்று பார்த்தேன். ஒரு முழம் போனது. இந்த விரிசலோடு சூளையைச் சுற்றவிட்டிருந்தால்? விரிசலைப் பார்த்தேன், பிறகு அந்த விரலைப் பார்த்தேன்.

அதை அடைக்கத் தேறிய வெல்டர்கள் நான்கே பேர். நால்வரும் என் வடிகட்டி வேலையில் இருந்தார்கள். அவருக்கும் அது தெரியும், ஆனால் அவர்களைத் தரச்சொல்லிக் கேட்கவில்லை. வெளியே வந்து பட்டியலில் வடிகட்டி இருந்த வரியை நானே அடித்தேன். அழுகை முட்டியது. ஹெல்மெட்டைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் கில்ன் சுழன்றது. வடிகட்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மறுநாள் வழக்கம்போல அடுத்த வருட வேலைகளுக்கான நோட்டைத் திறந்து, இந்த முறை ஃபோர்மேனிடம் முதலில் கொடுத்தேன். எழுதி நீட்டினார். அவர் பிரிவின் முதல் வேலையாக என் வடிகட்டி இருந்தது. பொறுப்பு என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து.

"கையோட கையா இதையும் எழுதிட்டேன் மேடம்" என்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை.