தசைக்குள் முளைத்த எலும்பு

கோட்டைக்குப்பத்தில் மழை விடாத ஒரு காலை, நண்டுக் கூடையோடு படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். வலது முழங்கை பிசகிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூட்டைச் சரிசெய்து கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கை நீளவும் இல்லை, முழுசாக மடங்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் தினமும் மீன்பிடிக்க ஏரிக்குப் போகுமுன் எண்ணெயைச் சுடவைத்து, என் கையைத் தன் மடியில் வைத்து உருவுவார். பிறகு பலமாக இழுத்து மடக்குவார். "பல்லக் கடிச்சிக்கமே, இன்னிக்கு வளஞ்சிரும்" என்பார். என் கண்ணில் தண்ணீர் வந்தால் அவருக்கும் வரும். ஆனாலும் விடமாட்டார். வீங்கிய இடம் மெல்லக் கல்லாக இறுகியது. கடைசியில் கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது.

சென்னையில் பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தசைக்குள்ள எலும்பு வளந்திருக்கு. யாராவது அமுக்கி விட்டாங்களா?"

"நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

கிழிந்த தசை ஆறும்போது வழிதவறி, முதலில் குருத்தெலும்பாகவும் பிறகு எலும்பாகவும் மாறிவிடுமாம். பலமாக இழுத்தால் அது கூடும். இழுக்காமலே சிலருக்கு வருவதும் உண்டாம். "இப்ப வெட்டினா மறுபடி வளரும். நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்."

இழுக்காமலும் வரும் என்றது என் வீட்டுக்காரர் காதில் ஏறவே இல்லை.

எலும்பு முத்துவதற்காக நான் வீட்டிலேயே கிடந்தேன். கை வாய்க்கு எட்டாது, தலைக்கு எட்டாது. இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அதைவிட, அவர் என்னைத் தொடுவதையே விட்டுவிட்டார். தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் தராமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்வார். ஒற்றை அறையில் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கப் பழகினோம்.

"நீ இன்னா தெரிஞ்சா பண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாம பண்ணா நோவாம பூடுமா?" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுவருஷம் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரிக்கப் போன அன்று, எடுத்த எலும்பு எப்படி இருந்தது என்று லேபில் கேட்டேன். அங்கிருந்த பெண் மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். ஓரத்தில் தசை நார்கள் நீளநீளமாக, குறுக்கே மெல்லிய வரிகளோடு தெரிந்தன. நடுவே குருத்தெலும்புத் திட்டு ஒன்று; அதன் செல்கள் குழிக்குள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருந்தன. அதைச் சுற்றி எலும்பு, வளையத்துக்குள் வளையமாக. வளையங்களில் கறுப்புப் புள்ளிகள்.

"அது இன்னாம்மா?"

"எலும்பைக் கட்டுற செல்லுதான். கட்டிக்கிட்டே உள்ள மாட்டிக்கும்."

"செத்துப் பூடுமா?"

"இல்லக்கா. தலைமுடியவிட மெல்லிசா கைய நீட்டி, பக்கத்துல இருக்கறதத் தொட்டுக்கிட்டு உயிரோட இருக்கும்."

என் வீட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "இம்மாம் சின்னதா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கை வாய்க்கு எட்டுகிறது. முழுசாக நீளவில்லை, இனி நீளாது என்கிறார்கள். காலையில் நானே மடக்கி நீட்டிப் பயிற்சி செய்கிறேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். என் முகம் கொஞ்சம் சுளித்தாலும், "போதும்மே, உட்ரு" என்கிறார்.