மங்கோலியக் குலங்களை எழுதிய குணநாயகம்

குணநாயகம் இறந்துவிட்டார் என்று லண்டனில் செவன் கிங்ஸ் பகுதி நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்பதுதான். எப்படி, எப்போது என்று கேட்கவில்லை. செய்தி எந்த வழியாக வந்தது என்று விசாரித்தேன். அதுவும் போதாமல் சட்டனில் உள்ள அவர் வீட்டுக்கே அழைத்தேன். மனைவி வசந்தா எடுத்தார். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்ட பிறகுதான் நம்பினேன். அவரை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும் என்பதால் இதை மறைக்கவில்லை. சந்தேகம் என்னோடு கூடப்பிறந்தது.

அவர் ஜெர்மனியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்த எலெக்ட்ரீஷியன். எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் ஊரில் எனக்குப் பழக்கமில்லை. ஜெர்மனியில் அகதி முகாமுக்குப் பக்கத்து நூலகத்தில், மொழி படிப்பதற்காகப் படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தாராம். அது மங்கோலியர் வரலாறாக இருந்தது. அதோடு பிடித்தது அந்தப் பைத்தியம். நோர்பரியில் என் முன்னறையிலிருந்து நான் நடத்திய காலாண்டிதழில் எழுத விரும்புவதாக வந்து நின்றார்.

"செங்கிஸ்கானைப் பற்றியோ?" என்றேன்.

"அந்தாளை எல்லாருக்கும் தெரியும், எடிட்டர். அவருக்கு முந்தின ஆக்களைப் பற்றி எழுதப்போறன். அந்தக் குலங்கள் ஏன் ஒண்டாச் சேர்ந்தது, ஏன் பிரிஞ்சது எண்டு."

லண்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகாத ஒருவர், கேட்காமலே ஒரு சிற்றிதழ்க்காரன் வீட்டைத் தேடி வந்து, எண்ணூறு வருடத்துக்கு முந்தைய மேய்ச்சல்காரர்களைப் பற்றி எழுதுகிறேன் என்கிறார். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கட்டுரை நன்றாக இருந்தது என்பது சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

முதல் கட்டுரை காபுல் கானைப் பற்றியது. மங்கோலியக் குலங்களை முதன்முதலில் ஒரு தலைமையின் கீழ் கொண்டுவந்த அவன், ஏழு மகன்மார் இருக்க, தாய்ச்சியுத் கிளையைச் சேர்ந்த பங்காளி ஒருவனைத் தனக்குப் பின் தலைவனாகச் சொல்லிவிட்டுச் செத்தான். அந்த ஒரு சொல்லால் இரண்டு வீட்டாருக்கும் இடையே விழுந்த விரிசல் தலைமுறைகளுக்கு மூடவில்லை. இதழ் தபாலில் போய்ச் சேர்ந்த வாரம் என் தொலைபேசி ஓயவில்லை. "உது எங்கட ஊர்ச் சங்கத் தலைவர் விஷயம்தானே?" என்றார் ஒருவர். இன்னொருவர், "எங்கட மூத்த மாமாவைத்தான் நக்கலடிக்கிறார்" என்று கொதித்தார். குணநாயகத்திடம் சொன்னேன். சிரித்தார். "கூட்டணி எண்டா எல்லாருக்கும் ஒரே பயம் இருக்கிற வரைக்கும்தான், எடிட்டர். பயம் போனா பங்காளிதான் மிஞ்சுவான்," என்றார். அந்த வாக்கியத்தை அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாரைக் கண்டாலும், "நீங்கள் எந்தப் பகுதி? அம்மாவின்ர ஆக்கள் எங்கை? பெரியம்மா ஆரைக் கட்டினவ?" என்று தொடங்கிவிடுவார். சொல்வதைக் கொப்பியில் வட்டமும் கோடுமாக வரைவார். மங்கோலிய ஆளும் குலமான போர்ஜிகின் ஆண்கள் ஒங்கிராத் குலத்தில் பெண் எடுத்தார்கள், நாங்களும் எந்த வீட்டில் எடுத்தோம் என்று பார்த்தால் யார் யாரோடு நின்றார்கள் என்பது விளங்கும் என்பது அவர் வாதம். ஆனால் அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குத் தெரியும். நாட்டில் சண்டை நின்றதா இல்லையா என்று தெரியாது. யார் யாருடைய ஆள் என்றும் தெரியாது. ஊரில் அண்ணனோ தம்பியோ இருக்கும் ஒருவரிடம் போய் உறவுமுறையை எழுதி வாங்கினால் அவருக்கு நித்திரை வருமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அரண்டவர்களில் முதலாவது ஆள். "அந்தாள் ஆருக்கோ தகவல் குடுக்குது போல கிடக்கு, கவனம்," என்று இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேர் போதும். அந்தப் பேச்சைத் தொடக்கியவன் நான் என்பதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன்.

அந்த நாள்களில்தான் என் முன்னறைக்கு ஒரு புது மின்சொருகி பூட்டித் தந்தார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அவர் போனதும் திருப்புளி எடுத்து அதைக் கழற்றிப் பார்த்தேன். ஒட்டுக்கேட்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் திருப்பிப் பூட்ட எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அது சுவரில் தொங்கியது. வேறு வழியில்லாமல் அவரையே கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். பூட்டி முடித்து எழும்பும்போது, "உள்ளுக்கு என்ன கிடந்தது, எடிட்டர்?" என்றார்.

"வயர்தான்," என்றேன்.

"நானும் அதைத்தான் வைச்சனான்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெட்கப்பட்டேனே தவிரத் திருந்தவில்லை. கோயிலில் நாலாம் திருவிழா எங்கள் ஊராரின் உபயம். பங்கு சேர்ந்த குடும்பங்களின் பெயர், நட்சத்திரத்தை ஐயர் சங்கற்பத்தில் வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவருக்கே காளாஞ்சி என்ற பிரசாதத் தட்டு கிடைக்கும். பட்டியலை அடித்துக் கொடுப்பது என் வேலை. அந்த வருடம் சங்கத்தில் முணுமுணுப்பு. "அவற்ர பேர் வந்தால் நாங்கள் வரமாட்டம்," என்றார்கள் சிலர். அவர்கள் கேட்ட கதை என் வாயிலிருந்து போனது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பெயரை விட்டுவிட்டு அடித்தேன். குணநாயகம் பட்டு வேட்டியோடு, வசந்தா பக்கத்தில் நிற்க, தன் பெயருக்காகக் கைகூப்பிக் காத்துக்கொண்டிருந்தார். ஐயர் வாசித்து முடித்துத் தீபத்தை எடுத்தார். கூப்பிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நான் சாமியைப் பார்ப்பதுபோல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த கட்டுரையைப் படித்து எனக்கு வேர்த்தது. செங்கிஸ்கானின் தகப்பன் இறந்த பிறகு நடந்த முன்னோர் படையல் அது. விதவைத் தாய் ஹோலுன் பிந்தி வருகிறாள். தாய்ச்சியுத் வீட்டுப் பெண்கள் அவளுக்கு உரிய படையல் பங்கைக் கொடுக்கவில்லை. மறுநாள் அவளையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கூடாரங்களைக் கிளப்பிக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். மறித்துக் கேட்ட கிழவன் ஒருவனை ஈட்டியால் குத்தினார்கள். பங்கு மறுப்பதுதான் குலத்திலிருந்து தள்ளுவதன் முதல் படி என்று எழுதியிருந்தார்.

"இது இப்ப வேணுமோ?" என்றேன்.

"எண்ணூறு வருசத்துக்கு முதல் நடந்தது, எடிட்டர். நான் என்ன செய்ய ஏலும்?"

என்னைக் குத்தத்தான் எழுதினார் என்று நம்பினேன். படையல் பகுதியை வெட்டிவிட்டுப் பிரசுரித்தேன். அடுத்த கட்டுரை வழக்கம்போல் நேரத்துக்கு வந்தது. கெரெயித், நைமன், மெர்கித் என்று ஒவ்வொரு குலமாக எழுதிக்கொண்டே போனார். இதற்கிடையில் இதழுக்கு எழுதிய மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். எல்லோரிடமும் நான் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். கடைசி இரண்டு வருடம் சனிக்கிழமை பின்னேரங்களில் என் வீட்டுக்கு வந்தது குணநாயகம் ஒருவர்தான். அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

செத்தவீட்டில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். பட்டியலில் அவர் பெயர் வரக்கூடாது என்றவரும் "எங்கள் ஊரின் அறிவுச் சொத்து" என்றார். கூட்டம் கலைந்ததும் வசந்தாவிடம் போனேன். "தங்கச்சி, கோயில் பட்டியலிலை அவற்ர பேரை விட்டது நான்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"தெரியும் அண்ணை," என்றார். "அண்டைக்கே அவருக்கும் தெரியும். கதையை ஆர் தொடக்கினது எண்டும் தெரியும்."

"பிறகேன் என்னட்டை வந்தவர்?"

"நானும் சண்டை பிடிச்சுக் கேட்டனான். 'நானும் போகாட்டி அந்தாளிட்டை ஆர் போறது?' எண்டு சொன்னவர்."

அந்தச் சொல்லையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதாவது இருக்கும் என்று. ஒன்றும் இல்லை. அவருடைய குலங்களும் கான்களும் எனக்கு மறந்துபோகலாம். அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது அந்தச் சொல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், போன சனிக்கிழமை, நான்கு வருடமாக நான் பேசாதிருந்த ஒரு பழைய நண்பரின் வீட்டு மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன விஷயமா வந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்றேன்.

அவர் நம்பவில்லை.