அய்யாவுக்கு எல்லா நாளும் ஞாயிறு

‘1959 மே 13, புதன். தெற்குக் காற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை என்று அய்யாவிடம் சொன்னேன்.’

என் நாட்குறிப்பில் இந்த வரி இருக்கிறது. நான் பள்ளி ஆசிரியை. சிலேட்டில் கிழமையைத் தப்பாக எழுதிய பிள்ளையைத் திருத்தாமல் விட்டதில்லை. அந்த வரியை நானே எழுத நேர்ந்த கதையை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு பாம்பனுக்கும் அக்காள்மடத்துக்கும் இடையில், கடலை ஒட்டி இருந்தது. அய்யா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, வள்ளம் ஓட்டி மீன் பிடித்தவர். 1957 வாக்கில் அவருக்கு நினைவு பிசகத் தொடங்கியது. முதலில் முகங்கள் மறந்தன. பிறகு அம்மா இறந்தது மறந்தது. கடைசியில், தான் கடலுக்குப் போவதை நிறுத்தி நாளாகிவிட்டது என்பதும் மறந்தது. இராமநாதபுரத்து டாக்டர் வயசுக் கோளாறு என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பார்த்துக்கொண்டவள் தம்பி பெண்டாட்டி. எனக்கு இராமநாதபுரத்தில் வேலை. சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிறு மாலை திரும்புவேன். வாசலில் என்னைக் கண்டதும் அய்யா எழுந்து நின்று, “வாங்க டீச்சரம்மா, பிள்ளை எதுவும் சேட்டை பண்ணுச்சா?” என்பார். அவளை மட்டும் “ஆத்தா” என்று கூப்பிடுவார். அவள் கிணற்றடிக்குப் போனால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். நான் வாங்கிவரும் பூந்தியில் ஒரு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தை அவளுக்கென்று வேட்டியில் முடிந்துவைப்பார். அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடிந்ததில்லை.

“நான் யாருன்னு சொல்லுங்க அய்யா” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன்.

“பரீட்சை வைக்காதீங்க மதினி, பாவம், முழிக்கிறாரு” என்பாள் அவள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் வந்த கையோடு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் குளிக்கப் போய்விடுவாள். வெகுநேரம் திரும்ப மாட்டாள். சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.

விடியுமுன் கரையில் வள்ளம் தள்ளும் சத்தம் கேட்டால் அய்யா எழுந்துவிடுவார், துடுப்பைத் தேடுவார். அவள் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, “மாமா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்ல?” என்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை; எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. அய்யா உடனே அடங்கிவிடுவார். சற்று நேரம் கழித்து, “பூசைக்கு மணி அடிச்சாச்சா?” என்று கேட்பார். “சாமியார் இன்னும் வரலை மாமா” என்பாள். வேப்பமரத்தடியில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பார். திங்களும் ஞாயிறு, வெள்ளியும் ஞாயிறு.

“வாரம் பூரா பொய் சொல்றியே, அவருக்கு இருக்கிற கொஞ்ச புத்தியும் போயிராதா?” என்று சண்டை பிடித்தேன்.

“புத்தி போனாப் போகட்டும் மதினி. ஆளு கடலுக்குள்ள போகாம இருக்காருல்ல.”

1959 கோடை விடுமுறையில் அவள் பிரசவத்துக்காக மண்டபத்துக்குத் தாய்வீடு போக வேண்டியிருந்தது. அய்யாவை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு மாதம் போதும், யார் மகள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் அவள் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். “எதுத்துப் பேசாதீங்க. முதல் உருண்டையை நீங்க ஊட்டுங்க, அப்புறம் அவராத் தின்பாரு. சட்டையைப் போட்டுவிட்டுட்டுத்தான் கிழமையச் சொல்லணும், மறந்துறாதீங்க.” எட்டாம் வகுப்பு தாண்டாதவள் எனக்குப் பாடம் எடுப்பதா என்று நான் பாதிதான் கேட்டேன்.

மே 12, செவ்வாய். அய்யா எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன்: “அய்யா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. உங்களுக்கு வயசாயிருச்சு. இனிமே தம்பிதான் கடலுக்குப் போறான்.”

“சரிங்க டீச்சரம்மா” என்றார். புரிந்துகொண்டார் என்று பூரித்துப்போய்க் காப்பி போட அடுப்படிக்குப் போனேன்.

கரையில் கூச்சல் கேட்டு ஓடியபோது அய்யா நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். இரண்டு பேர் அவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். “ஏலே, விடுங்கடா, வள்ளம் போயிருச்சுடா!” என்று ஒருவனை ஓங்கி அறைந்தார். அறை வாங்கியவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம், “செவ்வாய்னு சொன்னீகளாக்கும்? செவ்வாய்னா மனுசன் தொழிலுக்குப் போகத்தானே செய்வாரு? உங்க தம்பி பொண்டாட்டி சொல்லித் தரலையா?” என்றான்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. அய்யா பிழைத்ததற்கு மாதாவுக்கு நன்றி சொன்ன அதே மூச்சில் அவள்மேல் பொறாமை இன்னும் கூடியது.

மறுநாள் சட்டையை முதலில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என்றேன். பொத்தான்களைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, “சட்டை போட்டுவிடுமே, அந்தப் புள்ளை எங்க?” என்று கேட்டார்.

“நான்தானே அய்யா போட்டுவிட்டேன்?”

“நீங்க டீச்சருல்ல” என்று சிரித்தார்.

அந்த மாதம் முழுவதும் அவர் கடல் பக்கம் போகவில்லை. கண்ணை எடுத்தால் என்ன ஆகுமோ என்று நானும் நகரவில்லை. தலை சிக்குப்பிடித்துப்போனது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, “நான் உக்காந்திருக்கேன், போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க” என்றாள். கிணற்றடியில் தண்ணீர் தலையில் விழுந்தபோதுதான் சனிக்கிழமைகளின் எண்ணெய்க் கிண்ணம் எனக்கு விளங்கியது. வாரத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு குளியல்தான். அதன்பிறகு, சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் நானே கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுப்பது வழக்கமாயிற்று. பொறாமை அதனால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

பள்ளி திறக்குமுன் கைக்குழந்தையோடு திரும்பினாள். அய்யா குழந்தையை ஏறிட்டும் பார்க்காமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நான் துணிமணியை எடுத்துவைக்கத் தொடங்கினேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒண்ணு சொல்லவா மதினி? ஞாயித்துக்கிழமைன்னு சொன்ன கொஞ்ச நேரத்துல தினமும் உங்களைக் கேப்பாரு. ‘அப்ப நேத்துச் சனிதானே, ராம்நாட்டு ரயில்ல எம் மூத்தவ வந்திருக்கணுமே’ம்பாரு. ஒரு நாளு விட்டதில்லை.”

“இந்த ஒரு மாசத்துல எங்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலையே?”

“நீங்கதான் கூடவே இருந்தீகளே.”

தம்பியிடம் விசாரித்தேன். தான் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவதால் எதுவும் தெரியாது என்றான். பக்கத்து வீட்டுக்காரி காதில் அப்படி எதுவும் விழுந்ததில்லையாம். அய்யா 1961 தை மாதம் காலமானார். நான் இருந்த எந்த நாளிலும் அவர் அப்படிக் கேட்டதில்லை. தம்பி பெண்டாட்டி சொன்ன இந்தச் செய்திக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை. இதுவரை உறுதிப்படவில்லை.