இவரை நேரில் அறிவேன்

உப்புத் தெருவில் நதீம் தபூசியின் முத்திரை இல்லாமல் யாரும் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. லெபனானின் அல்-மினா துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பேட்டைக்கு இருபத்தாறு வருடமாக அவர் முக்தார். பேட்டைக்கு இரண்டு முக்தார்கள். ஆறு வருடத்துக்கு ஒருமுறை, அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்தால், தேர்தல் நடக்கும். குழந்தையைப் பதிய, பாஸ்போர்ட் கேட்க, இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேன் என்று காட்ட, எதற்கும் முக்தார் கையெழுத்து வேண்டும். எல்லாச் சான்றிதழின் அடியிலும் ஒரே வாக்கியம்தான்: "இவரை நான் நேரில் அறிவேன்."

அதை எழுத நதீமுக்குக் கண் தேவைப்படாது. ஒரு கையில் காப்பி, மறு கையில் பேனா, வந்தவர் முகத்தை நிமிர்ந்து பாராமலே எழுதித் தள்ளுவார். எதிர்வீட்டுக்குக் குடிவந்து இரண்டே நாளான ஒருவனுக்கு "பன்னிரண்டு வருடமாக நன்னடத்தையுடன் வசிப்பவர்" என்று எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள் அவன் கட்டடத்தின் ஜெனரேட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் நதீம், "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் தங்கமான பையன்" என்றார். அவருக்கு அதில் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் கிடைக்காமல் நாடே அல்லாடிய மாதங்களில்கூட அவருடைய மேஜையில் வாக்கியத்துக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை.

அவர் மனைவி ஹயாம் கனடாவின் மான்ட்ரியலுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மகள் ரீமா அங்கே குடியுரிமை வாங்கி, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் குடியிருப்பு அனுமதி கேட்டு எழுதிப்போட்டாள். நதீம்தான் மறுத்தார்.

"நான் கிளம்பிட்டா பேட்டைய யாரு பாத்துக்குவா?"

"பேட்டை தன்னைப் பாத்துக்கும் முக்தார்" என்றாள் ஹயாம். கோபம் வந்தால் அவள் கணவரைப் பதவி சொல்லித்தான் கூப்பிடுவாள். "உங்க சட்டைப் பொத்தானத்தான் யாரும் பாத்துக்க மாட்டாங்க."

முதல் வருடம் நிம்மதியாகத்தான் இருந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் டின் மீனும் ஊறுகாயும் அலுத்துப்போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பைகளில் காப்பியை ஊற்றி, இரண்டாவதைக் கொண்டுபோய் பால்கனியில் அவள் நாற்காலிக்கு எதிரே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஹயாம் இல்லாமல் அவரால் முடியவில்லை. அந்த எளிய விஷயத்தை ஒத்துக்கொள்ள முக்தாருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இந்த முறை ஹயாமே கணவருக்காக நிரந்தரக் குடியிருப்பு கேட்டு எழுதிப்போட்டாள். விண்ணப்பத்துடன் கேட்டிருந்த இணைப்புகளின் பட்டியல் நீளம். அதில் மூன்று நதீமிடம் இல்லை. தம்பதியின் புகைப்படங்கள், பிரிந்திருந்த காலத்தில் பேசிக்கொண்டதற்கான ஆதாரம், இருவரும் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று உள்ளூர் அதிகாரி தரும் சான்று.

நதீம் வாய்விட்டுச் சிரித்தார். "ஊருக்கே நான் குடுக்குற பேப்பர எங்கிட்டயே கேக்குறாங்களே!"

பேனாவை எடுத்தார். உள்ளூர் அதிகாரியான நதீம் தபூசி, விண்ணப்பதாரரான நதீம் தபூசியை நேரில் அறிவதாக எழுதினார். அன்னார் நற்குணம் உடையவர், மனைவி மேல் மிகுந்த பிரியம் உள்ளவர். புகைப்படங்கள் ஹயாமின் பெட்டியோடு போய்விட்டதால், "படங்கள் எடுக்கப்பட்டன, அவற்றில் இருவரும் சிரித்த முகமாக இருந்தனர், நேரில் அறிவேன்" என்று ஒன்று. தினமும் பேசுகிறார்கள் என்று இன்னொன்று. முக்தாராக ஒரு கையெழுத்தும் விண்ணப்பதாரராக வேறு மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டார், பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று. மூன்றிலும் முத்திரை அழுத்தமாக விழுந்தது.

ஐந்து மாதம் கழித்து ரீமா கூப்பிட்டாள். "அப்பா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சான்றிதழ் கொடுத்தவரும் விண்ணப்பிச்சவரும் ஒரே ஆள் மாதிரி தெரியுது, விளக்கம் வேணும்னு குடியேற்ற அலுவலகத்துலேருந்து கடிதம் வந்திருக்கு."

"ஒரே ஆள்தான். அதனாலதான் நல்லாத் தெரிஞ்சு எழுதியிருக்கேன்."

"ஐயோ அப்பா! முப்பது நாள் டைம். அதுக்குள்ள விட்டுப்போன ஆவணம் வரலைன்னா ஃபைல மூடிடுவாங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும், ரெண்டு மூணு வருஷம் இழுக்கும். போட்டோவும் போன் கணக்கும் நான் அனுப்பிடுறேன். அந்த ஊர்ச் சான்று மட்டும் வேற முக்தார்கிட்ட வாங்குங்க."

பின்னாலிருந்து ஹயாமின் குரல் கேட்டது. "வேற முக்தார்னா யாருன்னு அவருக்கே தெரியும்."

தெரியும். ஃபௌஸி ஸியாதே. தெருவின் மறுகோடியில் அலுவலகம். அவருடன் நதீமுக்கு ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அதற்குக் காரணம் ஒரு மரணம்.

ஃபௌஸியின் தாய் வதாதும் அவள் தங்கை சுஆதும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவரும் விதவைகள். ஒருநாள் சுஆத் தூக்கத்திலேயே போய்விட்டாள். ஃபௌஸி அடக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்ததால், மரணப் பேப்பர் நதீமிடம் வந்தது. கொண்டுவந்த ஆள் "ஸியாதே வீட்டு அம்மா தவறிட்டாங்க" என்றான். குடும்பப் பதிவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். எழுந்துபோய் நாலு வீடு தள்ளிக் கேட்கலாம்; ஆனால் காப்பி ஆறிவிடும். மூத்தவள்தானே முதலில் போவாள் என்று நதீம் வதாதின் பேரை எழுதினார். இறந்தவரை நேரில் அறிவேன் என்றும் எழுதினார்.

அதைச் சரிசெய்ய நீதிமன்றத்துக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை வதாத் அரசாங்கக் கணக்கில் இறந்தவள். அம்மாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஃபௌஸி அலுவலகம் அலுவலகமாக நிறுத்தினார். ஒவ்வொரு குமாஸ்தாவும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்காங்க சரி, ஆதாரம்?" என்று கேட்டார். இலவச மருந்தகத்தில் அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். செத்தவளுக்கு எதற்கு மாத்திரை? நதீம் ஒருநாளும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. "எழுத்துப் பிழை" என்று கடிதம் எழுதி முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்.

ஃபௌஸியிடம் போவதற்குப் பதிலாக நதீம் இருபத்தாறு நாட்களை வீணடித்தார். பக்கத்துப் பேட்டை முக்தாரைக் கேட்டார். எல்லை தாண்டிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் அவர். உப்புத் தெருக்காரர்களிடம் சாட்சிக் கையெழுத்தாவது வாங்கலாம் என்று முடிதிருத்தும் இஸ்கந்தரிடம் போனார். இருபத்திரண்டு வருடமாக நதீமின் தலை அவர் கையில்தான்.

"சாட்சியா? நானா?" இஸ்கந்தர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "உங்க தலைய நேர்ல அறிவேன் முக்தார். வீட்டுக்குள்ள நடக்குறது எனக்கு எப்படித் தெரியும்?"

"அட, ஊர்ல எல்லாருக்கும் நான் இப்படித்தானேய்யா எழுதிக் குடுத்தேன்!"

"அதான் பயமா இருக்கு. அப்புறம் நீங்க போயிட்டா, எம் மச்சான் பாஸ்போர்ட் பேப்பருக்கு ஃபௌஸிகிட்டயா போறது? அவரு கேள்வி கேப்பாரு."

அடுமனைக்காரரும் அதையேதான் சொன்னார். தெரு முழுக்க அவர் மேல் பாசம் கொட்டிக் கிடந்தது. அந்தப் பாசத்தினால்தான் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எதையும் கேட்காமல் எழுதுகிற முக்தாரை யார் கைவிடுவார்கள்?

நான்கு நாள் மிச்சம் இருந்தபோது நதீம் நல்ல சட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். மேல் பொத்தான் இல்லை. அதையே போட்டுக்கொண்டு ஃபௌஸியின் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார். முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரும் இடம் விடவில்லை.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வதாத் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத் திராட்சை இலையில் அரிசி சுருட்டிக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு வயது. வந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

"பேரு?" என்றார் ஃபௌஸி, தலை நிமிராமல்.

"ஃபௌஸி, என்னய்யா இது..."

"பேரு?"

"நதீம் தபூசி."

"தொழில்?"

"முக்தார்."

"அப்படியா, சந்தோஷம். என்ன வேணும்?"

நதீம் சொன்னார். ஃபௌஸி பேனாவை மூடிவைத்தார். "உங்களையும் உங்க வீட்டம்மாவையும் நேர்ல அறிவேன்னு நான் எழுதணும். தெரியாததை எழுதுற பழக்கம் எனக்கில்ல. தெருவுல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க, அவங்க சொல்லட்டும்."

"யாரும் வரமாட்டேங்குறாங்க."

"அப்ப நான் என்ன செய்ய?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நதீம் நினைத்தார். ஆனால் போனால் டின் மீனும் அந்த இரண்டாவது கோப்பையும்தான். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நான் சொல்றேன்" என்றாள் வதாத். "செத்தவ சாட்சி செல்லுமாடா ஃபௌஸி?"

"அம்மா, நீங்க சும்மா இருங்க."

"பதினாலு மாசம் சும்மாத்தானே கெடந்தேன். உங்கிட்ட ஒண்ணு கேக்குறேன் நதீம். அப்ப எனக்கு மாத்திரை எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே?"

"ஃபௌஸி வாங்கியிருப்பாருன்னு..."

"இவனா? அப்ப கடையில மாத்திரையே கெடையாது. ஒம் பொண்டாட்டி கொண்டுவந்தா. மாசாமாசம் மொதத் தேதி வருவா. தனக்குத்தான் பிரஷர்னு மருந்தகத்துல பொய் சொல்லி, தன் பேருல சீட்டு எழுதி, வாங்கிட்டு வந்து எங்கையில குடுப்பா. உக்காந்து ரெண்டு வேளைக்குச் சமைச்சு வெச்சுட்டுத்தான் போவா. 'எங்க வீட்டுக்காரர் பண்ணுன வேலை, நான்தான் பாக்கணும்'னு சொல்லுவா. ஒருதரம்கூட உன்னை ஒரு வார்த்தை கொறை சொல்லல. நான்தான் வாய் வலிக்கத் திட்டுனேன்."

நதீமுக்கு அந்தச் சீட்டு நினைவு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலை, ஹயாம் அவர் மேஜையில் ஒரு தாளை வைத்தாள். மருந்தக அட்டைக்கு முக்தார் சான்று வேண்டும் என்றாள். "ரத்த அழுத்த நோயாளி, நேரில் அறிவேன்" என்று எழுதி, முத்திரை குத்தி, அவள் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவர் பேப்பரை எடுத்தார். உனக்கு எப்போதிலிருந்து பிரஷர் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் கேட்கவில்லை.

அவர் வதாதின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "வதாத் அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. ஒன்பது வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்."

"பேப்பர் எதுவும் கொண்டாரலையா?" என்றாள் கிழவி. "முத்திரை இல்லாம சொல்றியே, செல்லுமா?" சுருட்டிய இலையைத் தட்டில் அடுக்கினாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "எழுதுடா. அவளை எனக்குத் தெரியும். இவன் அவ புருஷன்."

ஃபௌஸி பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு எழுதினார். நதீம் அதை வெளியே வெயிலில் நின்று படித்தார். நற்குணம், நன்னடத்தை, பிரியம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஹயாம் தபூசியைத் தன் தாய் நன்கு அறிவார் என்றும், அவள் உப்புத் தெரு வீட்டில் முப்பத்தோரு வருடம் கணவருடன் வாழ்ந்தாள் என்றும், அவருடைய தவறுகளைத் தன் தவறாகச் சுமந்தாள் என்றும் இருந்தது. கடைசி வரி: "ஹயாமின் கணவர் என்ற முறையில் மட்டும் இவரை நேரில் அறிவேன்."

குடியேற்ற அலுவலகம் கேட்டதும் அதைத்தான். ஏழு மாதத்தில் அனுமதி வந்தது. நதீம் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு, முத்திரையை அரசாங்கத்திடம் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டார். இஸ்கந்தர் கடைசியாக முடி வெட்டும்போது கண் கலங்கினார். மச்சானின் பேப்பர் இன்னும் ஆகவில்லை.

மான்ட்ரியல் விமான நிலையத்தில் ஹயாம் கையில் தடிமனான கோட்டோடு காத்திருந்தாள். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். அவர் சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"பொத்தான் இல்ல."

"இல்ல" என்றார் நதீம். "ஹயாம், அந்த மாத்திரை விஷயம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாம என்ன? எழுதியே குடுத்தேன். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க முக்தார்." கோட்டை அவர் தோளில் மாட்டிவிட்டாள். "வாங்க, ரீமா வண்டிய நிறுத்திட்டுக் காத்துட்டிருக்கா."

அவர் நகரவில்லை.

"ஏன் சாஞ்சு நடக்குற?"

"முட்டி வலி. வயசாச்சு, என்ன பண்றது."

"எந்த முட்டி?"

ஹயாம் நின்றாள். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறை பார்ப்பவளைப்போல அவரைப் பார்த்தாள்.

"இடது" என்றாள்.